வகுத்தலை அவிழ்த்தபின் வகையிடு

சைனைக் கோசைனால் வகுத்தால் தாஞ்சன். அதை ஒருமுறை வகையிடுவது உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வரி வேலை. இரண்டாம் பெறுதிக்கு மூன்று நான்கு வரி போதும். ஐந்தாம் பெறுதியைக் கேட்டால் கொப்பியில் பக்கம் புரண்டுவிடும்; பக்கத்தின் நடுவில் எங்கோ ஓர் எதிர்க்குறி தொலைந்துபோயிருக்கும்.

அப்படிப் பக்கம் புரளும் ஊர்களில் ஒன்று உடுப்பிட்டி. அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில், வல்வெட்டித்துறைக்குத் தெற்கே இருக்கிறது. அமெரிக்க மிசன் 1852 இல் தொடங்கிய கல்லூரி அங்கே இன்றும் நடக்கிறது. அதே மிசன் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை, ‘வீசகணிதம்’ என்ற நூலை 1855 இல் தமிழில் வெளியிட்டார். குடாநாட்டில் கணிதம் தமிழில் அச்சேறி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது என்பதற்கு அந்த நூலே சான்று. இன்று உடுப்பிட்டிப் பிள்ளை இணைந்த கணிதத்தைத் தமிழிலேயே படித்து, தமிழிலேயே பரீட்சை எழுதுகிறது. பின்னேர வகுப்புகளில் கரும்பலகை நிறைய வகையீடு எழுதப்படுகிறது. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “சேர், இதை இன்னும் எத்தனை தரம் வகையிட வேணும்?”

அந்தக் கேள்விக்கு மதிப்பான பதில் சொல்ல வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். திரும்பத் திரும்ப வகையிடுவது தண்டனைபோலத் தோன்றுவதற்குக் காரணம், கையில் எடுத்த கருவி. கருவியை மாற்றினால், ஒவ்வொரு பெறுதியும் ஒரு புதிய செய்தியோடு வரும்.

மூன்றாம் பெறுதி யாருக்கு வேண்டும்?

இடத்தின் முதற் பெறுதி வேகம். இரண்டாம் பெறுதி ஆர்முடுகல். நியூற்றனின் விதி இரண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போவானேன் என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. பதிலைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் போல் டிராக்கின் மாணவரானார். அவர் ஆராய்ந்த சமன்பாட்டில் இருந்தது மூன்றாம் பெறுதிதான்.

ஏற்றம் கொண்ட துணிக்கை ஆர்முடுகும்போது கதிர்வீசும். கதிர்வீசிச் சக்தியை இழப்பதால் துணிக்கையின் மீது ஓர் எதிர்விசை வரும். அந்த விசை ஆர்முடுகலில் அன்றி, ஆர்முடுகல் மாறும் வீதத்திலேயே தங்கியிருக்கிறது. டிராக் 1938 இல் இதைச் சார்பியலுக்கு ஏற்றபடி எழுதினார். நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி விழும் இலத்திரன் இந்தச் சமன்பாட்டின்படி என்ன செய்யும் என்று 1943 இல் எலியேசர் கணித்தார். விடை யாரும் எதிர்பாராதது: இலத்திரன் புரோத்தனை அடைவதே இல்லை, இடையில் திரும்பி விலகிப்போகிறது. கவர்ச்சி விசைக்குள் விழும் ஒன்று விலகிப்போகிறது என்றால், சமன்பாட்டிலேயே ஆழமான சிக்கல் இருக்க வேண்டும். மூன்றாம் பெறுதி ஒன்று சேர்ந்ததால் இயற்பியலின் அடிப்படையையே கேள்வி கேட்க வேண்டி வந்தது. உயர்வரிசைப் பெறுதி பரீட்சைக்காக மட்டும் உண்டாக்கப்பட்டதல்ல.

பழி ஈவு விதியில்

தாஞ்சனுக்கு வருவோம். ஈவு விதியைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: கீழுள்ளதை மேலுள்ளதன் பெறுதியால் பெருக்கு, மேலுள்ளதைக் கீழுள்ளதன் பெறுதியால் பெருக்கிக் கழி, பிறகு கீழுள்ளதன் வர்க்கத்தால் வகு. அந்தக் கடைசிப் படிதான் தொல்லை. ஒவ்வொரு முறையும் பகுதி வர்க்கமாகிறது. வெட்டிச் சுருக்காமல் போனால் கோசைனின் அடுக்கு 2, 4, 8, 16 என்று வளர்ந்து, ஐந்தாம் பெறுதியில் 32 ஆகிவிடும். விடை அவ்வளவு பெரிதல்ல. நாம் போகும் வழிதான் அதைப் பெருப்பிக்கிறது.

வழியை மாற்றுவோம். தாஞ்சனை ‘த’ என்று எழுதுவோம். அதன் முதற் பெறுதி சீக்கனின் வர்க்கம். சீக்கனின் வர்க்கம் 1 + த². ஆகவே த வின் பெறுதியை த வைக் கொண்டே எழுதிவிட்டோம். இனி வகுத்தல் இல்லை. சைனும் இல்லை, கோசைனும் இல்லை. த வில் அமைந்த எந்தப் பல்லுறுப்பியையும் வகையிட ஒரே விதி போதும்: சாதாரணப் பல்லுறுப்பியைப்போல த வைக் குறித்து வகையிட்டு, 1 + த² ஆல் பெருக்கு.

முதலாம் பெறுதி: 1 + த²
இரண்டாம் பெறுதி: 2த + 2த³
மூன்றாம் பெறுதி: 2 + 8த² + 6த⁴
நான்காம் பெறுதி: 16த + 40த³ + 24த⁵
ஐந்தாம் பெறுதி: 16 + 136த² + 240த⁴ + 120த⁶
ஆறாம் பெறுதி: 272த + 1232த³ + 1680த⁵ + 720த⁷

ஒரு பக்கத்துக் கணக்கு ஆறு வரியில் முடிந்தது. இந்த வரிகளை மெதுவாகப் பாருங்கள். ஒற்றை அடுக்கும் இரட்டை அடுக்கும் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு வரியின் கடைசிக் குணகமும் 1, 2, 6, 24, 120, 720 என்று காரணியப் பெருக்கமாக நிற்கிறது. பிழை விட்டால் முதலில் இங்கேயே தெரிந்துவிடும்.

இதைவிட நல்ல சோதனை ஒன்றும் உண்டு. 45 பாகையில் தாஞ்சன் 1. ஆகவே த வுக்கு 1 ஐப் போட்டால் குணகங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும்: 2, 4, 16, 80, 512, 3904. முதலாவதை 2 ஆலும், இரண்டாவதை 4 ஆலும், மூன்றாவதை 8 ஆலும் என்று வகுத்துக்கொண்டு போங்கள். 1, 1, 2, 5, 16, 61 வரும். மீதி இல்லாமல் வகுபட்டது தற்செயல் அல்ல. இந்த எண்களை நினைவில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் வேறோர் இடத்தில் இவையே எதிர்ப்படும்.

மாறுவேடத்தில் வரும் தாஞ்சன்

வினாத்தாளில் தாஞ்சன் எப்போதும் தன் பெயரோடு வருவதில்லை. சைனை ‘1 + கோசைன்’ ஆல் வகுத்தது என்று வரும். அது அரைக்கோணத்தின் தாஞ்சன். அதன் ஐந்தாம் பெறுதி வேண்டுமென்றால், மேலே உள்ள ஐந்தாவது வரியில் அரைக்கோணத்தின் தாஞ்சனை இட்டு, 32 ஆல் வகுத்தால் வேலை முடிந்தது. ‘1 + சைன்’ ஐக் கோசைனால் வகுத்தது என்று வரும். அது 45 பாகையோடு அரைக்கோணத்தைக் கூட்டினால் வரும் கோணத்தின் தாஞ்சன். வேறுவிதமாகச் சொன்னால் சீக்கனும் தாஞ்சனும் கூடியது. 45 பாகைச் சோதனை வேலை செய்வதற்கும், 2 இன் அடுக்குகள் அங்கே வந்ததற்கும் காரணம் இதுவே.

எந்த வேடமும் பொருந்தாத ஈவும் உண்டு. அப்போது பகுதியை மறுபக்கம் கொண்டுபோய்ப் பெருக்கிவிட வேண்டும். உதாரணமாக, க என்ற கோணத்தை ஆரையனில் அளந்து, சைன் க வைக் க வால் வகுப்போம். அந்த ஈவை ய என்போம். ஈவு விதியால் பத்து முறை வகையிட யாருக்கும் மனம் வராது. ஆனால்

க × ய = சைன் க

என்று எழுதினால், லைப்னிற்சின் பெருக்க விதி கைகொடுக்கும். க வை ஒருமுறை வகையிட்டால் 1, அதன்பின் பூச்சியம். ஆகவே எத்தனை முறை வகையிட்டாலும் இடப்பக்கம் இரண்டே உறுப்புகள்தான். ஏழு முறை வகையிட்டால்: க × (ய வின் ஏழாம் பெறுதி) + 7 × (ய வின் ஆறாம் பெறுதி). வலப்பக்கம் சைனின் ஏழாம் பெறுதி. சைனின் பெறுதிகள் நான்குக்கு ஒருமுறை சுழல்பவை. ஏழாவது, கோசைனின் எதிர்.

இப்போது கோணத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோவோம். முதல் உறுப்பு மறைகிறது. கோசைன் 1 ஆகிறது. ஆறாம் பெறுதி −1/7 என்று வந்துவிட்டது. இதே வழியில் ய வின் பெறுமானம் 1, இரண்டாம் பெறுதி −1/3, நான்காம் பெறுதி 1/5, ஆறாம் பெறுதி −1/7. ஒற்றை வரிசைப் பெறுதிகள் எல்லாம் பூச்சியம்.

இந்த எண்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்: 1 − 1/3 + 1/5 − 1/7 + … கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவன் பெயரால் வழங்கும் தொடர் இது. அவர் 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். இதன் நிறுவல் 16 ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் எழுதிய ‘யுக்திபாஷா’வில் இருக்கிறது. முடிவின்றிக் கூட்டினால் பையின் கால்பங்கு கிடைக்கும். வகையீடு என்ற துறை ஐரோப்பாவில் உருவாவதற்கு முன்பே பாக்குநீரிணைக்கு அந்தப்புறம் எழுதப்பட்ட எண்களை, உயர்தரப் பிள்ளை ஒரு பெருக்கல் மூலம் சென்றடைய முடிகிறது.

பெறுதி எண்ணுகிறது

மீண்டும் தாஞ்சன். கோணம் பூச்சியமானால் த வும் பூச்சியம். அப்போது ஒவ்வொரு வரியிலும் மாறிலி மட்டும் மிஞ்சும். முதலாம் பெறுதியில் 1, மூன்றாவதில் 2, ஐந்தாவதில் 16, ஏழாவதில் 272. சீக்கனுக்கும் இதே வேலையைச் செய்தால் இரட்டை வரிசையில் எண்கள் வரும்: 1, 1, 5, 61. இரண்டையும் பின்னிப் போட்டால்:

1, 1, 1, 2, 5, 16, 61, 272, …

45 பாகையில் கண்ட எண்கள்தான். எல்லாம் முழு எண்கள். எதையாவது எண்ணும்போதுதான் முழு எண்கள் இப்படி வரும். எதை?

காலைப் பிரார்த்தனைக்கு நான்கு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நால்வரும் வெவ்வேறு உயரம். குட்டையானவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று 4 வரை எண் கொடுப்போம். ஏற்றம், இறக்கம், ஏற்றம் என்று மாறி மாறி வரும்படி அவர்களை எத்தனை விதமாக நிறுத்தலாம்? எழுதிப் பார்க்கலாம்: 1324, 1423, 2314, 2413, 3412. ஐந்து விதம். மூன்று பிள்ளைகளென்றால் 132, 231 என்று இரண்டு விதம். ஐந்து பிள்ளைகளுக்கு 16. ஆறு பிள்ளைகளுக்கு 61. பிரெஞ்சுக் கணிதர் தெசிரே ஆந்திரே 1879 இல் காட்டிய உண்மை இது: சீக்கனும் தாஞ்சனும் பூச்சியத்தில் தரும் பெறுதிகள் இந்த ஏற்ற இறக்க வரிசைகளையே எண்ணுகின்றன.

காரணம் நாம் முன்பு எடுத்த வழியிலேயே இருக்கிறது. சீக்கனையும் தாஞ்சனையும் கூட்டி ய என்போம். அதன் பெறுதியை இரட்டித்தால் 1 + ய² வரும். இரண்டு வரியில் சரிபார்க்கலாம். ய² என்பது ய வும் ய வும் பெருகியது. அதை மூன்று முறை வகையிட்டால், லைப்னிற்சின் விதிப்படி, மூன்று வகையிடல்களையும் இரண்டு ய க்களுக்கும் எல்லா விதமாகவும் பங்கிட வேண்டும்: 3ஐயும் ஒன்றுக்கே கொடு, அல்லது 1 ஒன்றுக்கு, 2 மற்றதற்கு, இப்படி.

பிள்ளைகளின் வரிசையிலும் நடப்பது அதே பங்கீடு. நால்வரில் மிக உயரமானவரை முதலில் பாருங்கள். அவர் எங்கே நின்றாலும் அது ஒரு மேடுதான். மற்ற மூவரில் சிலர் அவருக்கு இடப்பக்கம், மீதிப்பேர் வலப்பக்கம். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தெடுத்தபின், ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் ஓர் ஏற்ற இறக்க வரிசை. மூவரையும் இரண்டு பக்கத்துக்கும் பங்கிடும் விதங்களை எண்ணினால் 2 + 3 + 3 + 2 = 10. ஏற்றத்தில் தொடங்கும் வரிசை, இறக்கத்தில் தொடங்கும் வரிசை இரண்டையும் சேர்த்தே எண்ணினோம். ஆகவே பாதி, 5. மூன்று முறை வகையிட்டுப் பூச்சியத்தை இட்டாலும் 2 + 3 + 3 + 2 = 10; இடப்பக்கத்து இரட்டிப்பால் வகுத்தால் நான்காம் பெறுதி 5. ஒரே கூட்டல் இரண்டு இடத்திலும் நடக்கிறது. வகையிடும் பிள்ளை தன்னை அறியாமல் வரிசைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

உழவு மாடு போகும் வழி

எண்கள்தான் வேண்டும் என்றால், வகையிடாமலே பெறலாம். ஜேர்மானியக் கணிதர் லுட்விக் சைடல் 1877 இல் தந்த அட்டவணை இது. கலப்பையில் பூட்டிய மாடு ஒரு சால் முடிந்த இடத்திலேயே திரும்பி அடுத்த சாலைத் தொடங்குவதுபோல, ஒரு வரி முடியும் பக்கத்திலிருந்தே அடுத்த வரி தொடங்குகிறது. முதல் வரியில் 1 மட்டும். அதன்பின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பூச்சியம் போடு. பிறகு ஒவ்வோர் அடியிலும், கையில் உள்ள எண்ணோடு மேல்வரியில் வரிசைப்படி அடுத்து வரும் எண்ணைக் கூட்டி எழுது.

1
0 1
1 1 0
0 1 2 2
5 5 4 2 0
0 5 10 14 16 16
61 61 56 46 32 16 0

இரண்டாம், நான்காம், ஆறாம் வரிகளை இடமிருந்து வலமாகவும், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வரிகளை வலமிருந்து இடமாகவும் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் முடியும் எண்ணைப் பாருங்கள்: 1, 1, 1, 2, 5, 16, 61. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டல் ஒன்றே போதும். தாஞ்சனின் பெறுதிகள் கையில் கிடைக்கின்றன.

சைடல் இந்த அட்டவணையை அமைத்தது பேர்னூலி எண்களைப் பெறுவதற்காக. தாஞ்சனின் எண்களும் பேர்னூலி எண்களும் நெருங்கிய உறவு. ஆறாவது பேர்னூலி எண் 1/42. அதை 64 ஆலும் 63 ஆலும் பெருக்கி 6 ஆல் வகுத்தால் 16; அதாவது தாஞ்சனின் ஐந்தாம் பெறுதி பூச்சியத்தில் தரும் எண். இந்திய கணிதச் சங்கத்தின் ஏட்டில் 1911 இல் இராமானுஜன் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரை பேர்னூலி எண்களின் சில பண்புகளைப் பற்றியது. கும்பகோணத்துப் பள்ளிப் பருவத்தில் லோனியின் திரிகோணகணித நூலைத் தானே படித்துத் தேர்ந்தவர் அவர்.

தூரத்து விளிம்பு

கடைசியாக ஒரு கணக்கு. வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுங்கள். முந்தியதைப் பிந்தியதால் வகுத்து, பிந்தியதன் வரிசை எண்ணின் இரு மடங்கால் பெருக்குங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு 16, நான்கு பிள்ளைகளுக்கு 5: 10 × 5 / 16 = 3.125. அடுத்து 12 × 16 / 61 = 3.1475. அடுத்து 14 × 61 / 272 = 3.1397. எட்டுப் பிள்ளைகளுக்கு 1385 விதம், ஒன்பது பிள்ளைகளுக்கு 7936 விதம்: 18 × 1385 / 7936 = 3.1414. மேலும் கீழுமாக ஆடி ஆடிப் பையை நெருங்குகிறது. வட்டம் ஒன்றும் வரையவில்லை; பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினோம், பை வந்தது.

இதற்கான விளக்கமே உயர்வரிசைப் பெறுதியின் உண்மையான மதிப்பைச் சொல்கிறது. தாஞ்சனும் சீக்கனும் 90 பாகையில் முறிகின்றன; அங்கே கோசைன் பூச்சியம், வகுத்தல் செல்லாது. 90 பாகை ஆரையனில் பையின் பாதி. பெறுதிகளை எல்லாம் நாம் எடுத்தது பூச்சியத்தில். அங்கே தாஞ்சன் அமைதியாக, கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கிறது. முதற் பெறுதியைப் பார்த்தால் முறிவு எங்கே என்று ஒன்றும் தெரியாது. ஆனால் பெறுதிகளின் வரிசை வளரும் வேகம், முறிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது. ஓர் இடத்தில் நின்றபடியே தொலைவில் உள்ள விளிம்பை அறிய உயர்வரிசைப் பெறுதிகளே வழி.

ஆகையால் திரிகோணகணித ஈவு ஒன்று கையில் வந்தால், ஈவு விதியை எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இது மாறுவேடத்தில் வந்த தாஞ்சனா? பகுதியை மறுபக்கம் கொண்டுபோய்ப் பெருக்கமாக்க முடியுமா? இதன் பெறுதியை இதைக் கொண்டே எழுத முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலே பல பக்கங்கள் மிச்சம். மிச்சமாகும் நேரத்தில் விடையின் வடிவத்தைப் பார்க்கலாம்; கணிதம் படிப்பதன் நிறைவு அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் இதைச் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர், மேலே உள்ள அட்டவணையின் எட்டாம் வரியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். இடப்பக்கத்தில் பூச்சியத்தோடு தொடங்கி, 61, 122, 178 என்று கூட்டிக்கொண்டு போய், வரியின் முடிவில் 272 வந்தால், தாஞ்சனின் ஏழாம் பெறுதியை அந்தப் பிள்ளைகள் சரியாகக் கண்டுவிட்டார்கள்.